சரிபார்த்தது போதும் என்று எப்போது தெரியும்?

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களும், அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் தையல், பிரிண்டிங், அயர்னிங் யூனிட்காரர்களும்தான். எங்கள் மாதம் தேதிகளால் ஆனது. பணம் கொடுக்கும்போதே பிடித்துவைக்கும் வருமான வரியான டிடிஎஸ்ஸை 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 11-க்குள் விற்பனைப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-1, 15-க்குள் தொழிலாளர்களின் பிஎஃப், இஎஸ்ஐ, 20-க்குள் ஜிஎஸ்டி வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி. எனக்குப் பதற்ற நோய் இருக்கிறது. பல ஆண்டுகளாக மருந்தும் ஆலோசனையும் எடுத்துக்கொண்டு இதே வேலையில்தான் தொடர்கிறேன். இவ்வளவு கெடு வைத்து நடக்கும் வேலை உனக்கு ஒத்துவருமா என்று அக்கறையோடு கேட்டவர்கள் உண்டு. கெடுவை விடவும் என்னைத் தொல்லைப்படுத்துவது வேறொன்று என்பதை அவர்களுக்கு விளக்குவது கடினமாக இருந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

பதற்றம் என்றதும் கை நடுங்குவதையும் நெஞ்சு படபடப்பதையும்தான் பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேலையில் அது பெரும்பாலும் பொறுப்புணர்ச்சியின் வேடத்தில்தான் வருகிறது. ஒரு விற்பனைப் பில்லில் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு மாநிலத்தின் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். இதில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த பில்லின் வரி, வாங்கியவர் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் அவருடைய 2பி பட்டியலில் வராது, அவர் நம்மிடம் சண்டைக்கு வருவார். ஆகவே ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது எங்கள் தொழிலின் ஒழுக்கம். அதே ஒழுக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் பதற்றம் உள்ளே நுழைகிறது. மூன்றாவது முறையும் நான்காவது முறையும் பார்க்கச் சொல்கிறது. மேலாளர் பார்த்தால் இந்தப் பெண் எவ்வளவு கவனமாக வேலை செய்கிறாள் என்றுதான் நினைப்பார். அந்த நேரத்தில் என் கண் எண்களின் மேல் ஓடுமே தவிர, மனம் எண்களைப் படிக்காது. ஒருவேளை தப்பாக இருந்தால் என்ற ஒரே கேள்வியை அது சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? வேலைக்காகச் செய்யும் சரிபார்ப்பு ஒரு விடையோடு முடிகிறது: சரி, அல்லது இந்த இடத்தில் தவறு. பயத்துக்காகச் செய்யும் சரிபார்ப்பு சிறிது நேர நிம்மதியோடு முடிந்து, மேசையை விட்டு எழுவதற்குள் பழைய சந்தேகமாகத் திரும்பி வருகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் மார்செல் வான் டென் ஹௌட், மெரெல் கிண்ட் ஆகிய இருவரும் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி என் ஆலோசகர் சொன்னபோது, என் வீட்டுச் சமையலறையை யாரோ பார்த்து எழுதியதைப் போல இருந்தது. கணினித் திரையில் வரையப்பட்ட ஒரு கேஸ் அடுப்பை, பங்கேற்றவர்கள் திரும்பத் திரும்ப அணைத்துச் சரிபார்க்க வேண்டும். பலமுறை சரிபார்த்த பிறகு, எந்தக் குமிழைப் பார்த்தோம் என்பது அவர்களுக்குச் சரியாகத்தான் நினைவிருந்தது. ஆனால் அந்த நினைவு மங்கலாகவும் நம்ப முடியாததாகவும் ஆகிவிட்டது. உறுதி வேண்டும் என்றுதான் திரும்பப் பார்க்கிறோம், திரும்பப் பார்ப்பதே அந்த உறுதியைக் கரைத்துவிடுகிறது. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸ் ரெகுலேட்டரை அணைத்தோமா என்று திரும்பி வருகிற எவருக்கும் இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

ஆடிட் வேலையில் வவுச்சிங் செய்யும்போது, அதாவது கணக்குப் பதிவுகளைப் பில்களோடு ஒப்பிடும்போது, பார்த்த ஒவ்வொரு வரிக்கும் வண்ணப் பென்சிலால் டிக் போடும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. டேலி என்ற கணக்கு மென்பொருள் வந்த பிறகு அது குறைந்துவிட்டது. நான் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பட்டியலைத் தாளில் அச்சிட்டு, முதல் சுற்றில் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் மட்டும் பார்த்துப் பச்சை டிக். இரண்டாம் சுற்றில் தொகையும் வரியும் மட்டும் பார்த்துச் சிவப்பு டிக். அடியில் சுருக்கொப்பமும் நேரமும். அதன் பின் அந்தத் தாள் பைலுக்குப் போய்விடும். இதில் ஓர் ஆபத்து இருப்பதை ஆலோசகர் முதலிலேயே எச்சரித்தார்: சந்தேகம் வரும்போதெல்லாம் அந்த ஒப்பத்தை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால், அதுவும் இன்னொரு சரிபார்ப்பாகிவிடும். ரெகுலேட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டு பேருந்தில் அதையே பார்த்துக்கொண்டு போவதும் இந்த வகைதான். ஆகவே சந்தேகம் வந்தால் அது வரட்டும், அது இருக்கும்போதே அடுத்த பைலைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். தொடக்கத்தில் இது உடம்பளவில் வேதனையாக இருக்கும். வயிறு இறுகும், காது சூடாகும். ஒன்றும் செய்யாமல் விட்டால் சிறிது நேரத்தில் அது தானே இறங்குவதைப் பார்க்கலாம். இறங்குவதைப் பலமுறை கண்ணால் கண்ட பிறகுதான் மனம் அதை நம்புகிறது. சொல்லி நம்பவைக்க முடியாது.

பதற்றத்தின் இன்னொரு வேலை, தள்ளிப்போட வைப்பது. வரித் துறையிலிருந்து மின்னஞ்சலில் ஒரு நோட்டீஸ் வந்தால் அதைத் திறக்கவே கை வராது. திறக்காதவரை அதில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், நாள் ஆக ஆக அது மனதுக்குள் பெருத்துக்கொண்டே போகும். உண்மையில் எங்களுக்கு வரும் நோட்டீஸ்களில் பல, கணினி தானாகவே இரண்டு படிவங்களை ஒப்பிட்டு அனுப்புபவை. ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டிய வரிக்கும் 3பி-யில் கட்டிய வரிக்கும் வித்தியாசம் இருந்தால் வரும் டிஆர்சி-01பி நோட்டீஸுக்கு 7 நாளில் பதில் தர வேண்டும்; துறை ரிட்டர்ன்களை ஆய்வு செய்து அனுப்பும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸுக்கு 30 நாள் வரை இருக்கிறது. திறக்காமல் வைத்திருந்தால் இந்த நாள்கள்தான் வீணாகும். அதனால் நோட்டீஸைத் திறப்பதையும் அதற்குப் பதில் எழுதுவதையும் இரண்டு தனி வேலைகளாகவே பிரித்துவிட்டேன். இன்றைய வேலை திறப்பது, கடைசி நாளைக் காலண்டரில் குறிப்பது, மூடுவது, அவ்வளவுதான். பதில் நாளைய வேலை. வீட்டிலும் இது உதவுகிறது. அம்மாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கிவந்து உறையைப் பிரிப்பது ஒரு வேலை, டாக்டரிடம் நேரம் கேட்பது வேறொரு வேலை. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று நினைத்தால் உறை அலமாரியிலேயே கிடக்கும்.

கவனச்சிதறலைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் கைப்பேசியை அணைத்துவையுங்கள் என்கிறார்கள். எங்கள் வேலையில் அது நடக்காது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஓடிபி வாடிக்கையாளரின் கைப்பேசிக்குத்தான் போகும். அவர் கட்டிங் மேசையருகே நின்றுகொண்டிருப்பார், அல்லது வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். "மேடம், ஓடிபி இன்னும் வர்லீங்க" என்பார். "இன்னொருக்கா அனுப்பறேன், பாத்துச் சொல்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கையில் இன்னொருவரின் அழைப்பு வரும். பேசி முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால், நான் எந்தக் கம்பெனியின் எந்த மாதத்தில் இருந்தேன் என்பதே தெரியாது. பதற்றம் உள்ள மனத்துக்கு அந்த ஒரு கணத் தடுமாற்றமே போதும்; நமக்கு மறதி வந்துவிட்டது, எதையோ விட்டுவிட்டோம் என்று கணக்கை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கிவிடும்.

ஆகவே அழைப்பை எடுப்பதற்கு முன் ஒரு வரி எழுதுகிறேன். மணி இரண்டு முறை கூடுதலாக அடித்தால் யாருக்கும் நட்டமில்லை. "அயர்னிங் யூனிட், ஜூன், கொள்முதல் 14 வரை ஏற்றியாயிற்று, 15-இல் எச்எஸ்என் கோடு இல்லை, கேட்க வேண்டும்" என்பதுபோல, எங்கே நின்றேன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் அந்த வரியில் இருக்க வேண்டும். நின்ற இடத்தை மட்டும் எழுதினால் பயன் பாதிதான். முடியாத வேலை மனத்தை அரித்துக்கொண்டிருப்பது, அதை எப்போது எப்படி முடிப்போம் என்று திட்டவட்டமாக எழுதியதுமே பெருமளவு அடங்கிவிடுகிறது என்பதை உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பௌமெய்ஸ்டரும் 2011-இல் சோதனைகள் மூலம் காட்டியிருக்கிறார்கள். அத்துடன், 18-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரைதான் ஓடிபி கேட்பேன் என்று வாடிக்கையாளர்களுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்திருந்தேன். எப்போது அழைப்பு வரும் என்று தெரிந்ததில் அவர்களுக்கும் நிம்மதிதான்.

பகலில் வரும் கவலைகளுக்கு ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறேன். கவலையை ஒத்திவைப்பது என்ற இந்த முறையை, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-இல் ஆராய்ந்து எழுதினார்கள்: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது, மற்ற நேரத்தில் வரும் கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது. அந்த இடம் படுக்கையாக இருக்கக் கூடாது என்பதை நான் வலியுறுத்துவேன். நான் மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, பகலில் குறித்ததை ஒவ்வொன்றாகப் படித்து, அதன் பக்கத்தில் உண்மையான செலவை எழுதுகிறேன். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத மாதம் என்றால் 20 ரூபாய். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தாக்கல் செய்த 3பி-யைத் திருத்த முடியாது என்பது என் நெடுநாள் பயங்களில் பெரியது. ஆனால் விட்டுப்போனதைப் பின்வரும் மாத ரிட்டர்னில் சரிசெய்துகொள்ள, நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரை சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பதை எதிர்பார்த்து எழுதப்பட்ட பிரிவு அது. கணக்கு வேலை செய்பவருக்கு எண்ணைப் போல் ஆறுதல் தருவது வேறில்லை என்பது என் அனுபவம்.

இவை எல்லாம் மருந்துக்குப் பதிலாகச் சொன்னவை அல்ல. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வேலைக்குப் போகவே முடியாத நிலை வந்தால் நோட்டும் பென்சிலும் போதாது. நான் மனநல மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் தைராய்டு பரிசோதனை எடுக்கச் சொன்னார். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். பிறகு கொடுத்த மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொன்னார். அதைச் சொல்லாவிட்டால் பலர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

அலுவலகங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் ஒருமுறை பார்த்து ஒப்பமிடும் முறை வங்கிகளில் வெகுகாலமாக இருக்கிறது. சிறு அலுவலகங்களில் ஏற்றுவதும் பார்ப்பதும் பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில்தான் விழுகிறது, பதற்றம் உள்ளவர் அங்கே நின்று நின்று தேய்கிறார். எங்கள் சாரிடம் இதைப் பேசிய பிறகு, நான் ஏற்றிய பட்டியலை எதிர் மேசை அக்காவும், அவர் ஏற்றியதை நானும் பார்க்கிறோம். அவர் பார்த்து ஒப்பமிட்ட பட்டியலை நான் மறுபடி திறப்பதில்லை என்பது எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம், அதில் அவர் மிகவும் கண்டிப்பானவர்.