பழைய பக்கிக்குப் பவர் பிரேக்: டர்பன் பட்டறைக் குறிப்புகள்

மார்ச் 2, 2024, சனி

வண்டி 1960களின் கடைசியில் வந்த செவ்ரலே சி10. வலது கை ஸ்டியரிங், 250 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர் இன்ஜின். தென்னாப்பிரிக்காவில் பிக்கப் என்று யாரும் சொல்வதில்லை, பக்கிதான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது, பின்னால் பழைய டிரம். இன்ஜினின் உறிஞ்சலால் கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. பெடல் கல் மாதிரி இருக்கிறது.

கல் மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. டிரம்முக்குள் இருக்கும் ஷூ, சுழலும் டிரம்மோடு சேர்ந்து இழுபட்டுத் தானாகவே மேலும் இறுகும். டிஸ்க் பேடுக்கு அந்தக் குணம் இல்லை. கால் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் பிடிக்கும். டிஸ்க் மாற்றிவிட்டு "முன்பைவிட மோசமாகிவிட்டது" என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

கணக்குப் போட்டால் புரியும். இந்த வண்டியின் பெடல் விகிதம் 6:1. காலால் 25 கிலோ அழுத்தினால், பிரேக் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு 150 கிலோ போகும். 1 இன்ச் மாஸ்டரின் பரப்பு 5.07 சதுர செ.மீ. குழாயில் வருவது சதுர செ.மீ.க்கு 30 கிலோகூட இல்லை. டிஸ்க் வைத்த கனமான வண்டியைச் சட்டென நிறுத்த அதுபோல் இரண்டு மடங்கு வேண்டும்.

ஆகவே பூஸ்டர். ஆனால் பூஸ்டர் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இன்ஜினின் வேக்குவம், அதாவது அதன் உறிஞ்சல். மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்த் தொகுதி) கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு ஐடிலிங்கில் பார்த்தேன்: 18 இன்ச் மெர்க்குரி, முள் ஆடாமல் நிற்கிறது. போதும். ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜினில் இது 12, 13க்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பெரிய பூஸ்டரோ மின்சார வேக்குவம் பம்ப்போ வேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு

எந்தப் பூஸ்டர்? பழைய வண்டிகளுக்கு 7 இன்ச் இரட்டை டயாஃப்ரம் (உள்ளே வேக்குவம் இழுக்கும் ரப்பர்த் தட்டு), 8 இன்ச் இரட்டை, 9 அல்லது 11 இன்ச் ஒற்றை என்று கிடைக்கின்றன. 18 இன்ச் மெர்க்குரி என்பது ஏறக்குறைய 61 கிலோபாஸ்கல். அந்த வேக்குவத்தில் 7 இன்ச் இரட்டை, கணக்குப்படி, அதிகபட்சம் 310 கிலோ தள்ளும்; 8 இன்ச் இரட்டை 400 கிலோ. உராய்விலும் ஸ்பிரிங்கிலும் கொஞ்சம் போய்விடும்.

டர்பனில் மட்டும் ஓடும் வண்டி என்றால் 7 போதும். ஆனால் இது ஜோகன்னஸ்பர்க் போகும் வண்டி. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். காற்றழுத்தமே அங்கே 82 கிலோபாஸ்கல் அளவுதான், டர்பனில் 101. இங்கே 18 காட்டும் இன்ஜின் அங்கே 13 காட்டினால் ஆச்சரியமில்லை. 13இல் 8 இன்ச் பூஸ்டர் தருவது 290 கிலோ. அதாவது மேட்டுநிலத்தில் 8 இன்ச் பூஸ்டர் செய்யும் வேலையைக் கடற்கரையில் 7 இன்ச்சே செய்துவிடும். 8 இன்ச் இரட்டையையே எடுத்தேன்.

பெடலையும் ஃபயர்வாலையும் (இன்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) தொடாமல், குழாயின் நடுவே ரிமோட் பூஸ்டர் வைக்கும் வழியும் உண்டு. ஒற்றை சர்க்யூட் (ஒரே எண்ணெய்ப் பாதை) மாஸ்டர் உள்ள வண்டிக்கு அது நல்ல வழி. இங்கே இரட்டை சர்க்யூட். ஒரு ரிமோட் பூஸ்டர் ஒரு சர்க்யூட்டுக்குத்தான் உதவும். இரண்டு வைத்தால் இடமும் செலவும் இரட்டிப்பு. வேண்டாம்.

மார்ச் 9, சனி

இன்று பெடல். இந்த வேலையில் தவறு நுழையும் முதல் இடம் இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பெடலின் மேல் பின்னிலிருந்து மிதிக்கும் பட்டையின் நடுவரை 330 மி.மீ. அதே பின்னிலிருந்து, பெடலின் தள்ளலைக் கொண்டுபோகும் புஷ் ராட் மாட்டும் துளை வரை 55 மி.மீ. 330ஐ 55ஆல் வகுத்தால் 6. பூஸ்டர் இல்லாத வண்டிக்குச் சரியான விகிதம். பூஸ்டருக்கு 4க்குப் பக்கத்தில் வேண்டும். துளையை 25 மி.மீ. கீழே இறக்கி 80இல் போட்டால் 4.1 வரும்.

6:1ஐ அப்படியே விட்டுவிட்டுப் பூஸ்டர் மாட்டினால் என்ன ஆகும்? கால் வைத்ததும் சக்கரம் கவ்வும், அளவோடு பிடிக்க வராது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பெடல் தரையைத் தொடும் வரை 150 மி.மீ. ஓட்டம் இருக்கிறது. 6:1இல் அது மாஸ்டர் பிஸ்டனை 25 மி.மீ.தான் தள்ளும், 4.1இல் 36 மி.மீ. தள்ளும். இரட்டை மாஸ்டரில் ஒரு சர்க்யூட் உடைந்தால், அந்தப் பக்கத்துப் பிஸ்டன் வெறுமனே ஓடி முடிந்த பிறகுதான் மற்ற சர்க்யூட்டுக்கு அழுத்தம் வரும். புதிய மாஸ்டரின் முழு ஓட்டத்தை அளந்தேன்: 33 மி.மீ. 25 மட்டும் தள்ளும் பெடலில், மிச்சமிருக்கும் சர்க்யூட் பிடிப்பதற்கு முன்பே பெடல் தரையில் உட்கார்ந்துவிடலாம். இரட்டை சர்க்யூட் இருந்தும் இல்லாத மாதிரி.

புதிய துளை 10 மி.மீ.; அந்த இடத்தில் பெடல் கைக்கு 6 மி.மீ. தகட்டைச் சேர்த்து வெல்டிங், பிறகு துளை, உள்ளே ஒரு வளையம் (புஷ்). பெடல் வெல்டிங்கைப் பழகிய கை மட்டும் செய்யட்டும். உடைந்தால் கையில் பிடிப்பதற்கு வேறொன்றும் இல்லை.

துளை இறங்கியதால் பூஸ்டரும் இறங்க வேண்டும். ராட் நேராகப் போக வேண்டும். ஓய்வு நிலையில் 5 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பூஸ்டர் வால்வைப் பக்கவாட்டில் அழுத்தித் தேய்க்கும். அமெரிக்காவிலிருந்து வரும் பிராக்கெட் இடது கை வண்டிக்கு உரியது, வலப்பக்கம் அப்படியே உட்காராது. 5 மி.மீ. தகட்டில் புதிதாக வெட்டினோம். முதலில் தடித்த அட்டையில் வெட்டி, பானெட்டை மூடிப் பார்த்து, பிறகு இரும்பு.

மார்ச் 10, ஞாயிறு

பிராக்கெட் பெயின்ட். ஃபயர்வாலின் உட்புறம் 3 மி.மீ. தகடு வைத்து நான்கு போல்ட்டுக்கும் பொதுவாக்கினேன். ஒருவர் மிதிக்க, மற்றவர் ஃபயர்வாலில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தகரம் உப்பினால் அந்த அசைவெல்லாம் பெடல் ஓட்டத்தில் வீண். இப்போது அசையவில்லை.

மார்ச் 16, சனி

மாஸ்டர் சிலிண்டர். முன்பக்கத்தில் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துவது 2 15/16 இன்ச் பிஸ்டன் உள்ள பெரிய கேலிப்பர். அதற்கு நிறைய எண்ணெய் வேண்டும். எனவே 1 இன்ச்சை விட்டு 1 1/8 இன்ச். பரப்பு 6.41 சதுர செ.மீ. காலின் 25 கிலோ, 4.1ஆல் 103 ஆகிறது. பூஸ்டர் 300 சேர்த்தால் 403. குழாயில் 63 கிலோ. முதல் நாள் தேடிய இரண்டு மடங்கு இதுதான்.

பழைய மாஸ்டரையே பூஸ்டரில் மாட்டலாமா? கூடாது. நான்கும் டிரம்மாக இருந்த காலத்து மாஸ்டர் என்றால் இரண்டு வாயிலும், குழாயில் எப்போதும் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரெசிடுவல் வால்வு இருக்கும். அது டிரம்முக்கு வேண்டும், டிஸ்க்கில் பேடை எப்போதும் உரச வைக்கும். இன்னொன்று பிஸ்டனின் குழி. பூஸ்டர் இல்லாத மாஸ்டரில் ராட் நழுவாதிருக்கக் குழி ஆழமாக இருக்கும். பூஸ்டருக்கான மாஸ்டரில் ஆழமில்லை. ஆழக் குழிக்குள் பூஸ்டரின் குட்டை ராட் போனால் பெடலில் பாதி காலியாக ஓடும்.

அடுத்து ராட் இடைவெளி. பூஸ்டர் முகத்திலிருந்து ராட் நீட்டி நிற்கும் அளவு 13.0 மி.மீ. மாஸ்டரின் முகத்திலிருந்து பிஸ்டன் குழியின் அடி வரை 12.4. அப்படியே மாட்டினால் ராட் பிஸ்டனை 0.6 மி.மீ. தள்ளியபடியே இருக்கும். மாஸ்டருக்குள் எண்ணெய் திரும்பும் சிறு துளை மூடிவிடும். சூட்டில் விரிந்த எண்ணெய் போக வழியின்றிப் பிரேக் தானாகவே பிடிக்கும். ராட் நுனியைத் திருகி 11.8க்குக் கொண்டுவந்தேன். இடைவெளி 0.6. அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை சரி. அளந்ததை நம்பாமல் குழியில் ஒரு சிட்டிகை களிமண் வைத்து மாட்டிக் கழற்றி, நசுங்கிய தடிமனை வெர்னியரில் அளந்து பார்த்தேன். பொருந்துகிறது.

மார்ச் 17, ஞாயிறு

குழாய். இந்தக் கடற்கரையின் உப்புக் காற்றில் இரும்புக் குழாய் வெளியே நன்றாகத் தெரியும், கிளிப்புக்கு அடியில் அரித்திருக்கும். 3/16 இன்ச் செம்பு-நிக்கல் குழாய் போட்டேன்.

கவனிக்க வேண்டியது: இங்கே எளிதாகக் கிடைப்பது 10 மி.மீ. மெட்ரிக் நட்டு, அதற்கு உரிய குமிழ் வடிவ ஃபிளேர் (குழாய் நுனியின் விரிப்பு). இந்த வண்டியில் 3/8-24 நட்டு, இரட்டை மடிப்பு ஃபிளேர். 3/8 நட்டு 10 மி.மீ. துளைக்குள் தளர்வாகத் திருகிக்கொண்டு போய்விடும். இறுகிய மாதிரியும் தோன்றும். அழுத்தம் வந்ததும் மரையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். கையால் மூன்று சுற்று ஆடாமல் போகிறதா என்று ஒவ்வொரு நட்டையும் பாருங்கள்.

மார்ச் 21, வியாழன்

தென்னாப்பிரிக்காவின் மனித உரிமை நாள் விடுமுறை. முழு நாளும் கிடைத்தது.

மாஸ்டரை வண்டியில் மாட்டுமுன் வைஸில் கட்டி, இரண்டு வாயிலிருந்தும் பிளாஸ்டிக் குழாயை வளைத்துத் தொட்டிக்குள் மூழ்கவிட்டு, பிஸ்டனை மெதுவாக முழுக்கத் தள்ளித் தள்ளிக் குமிழி நிற்கும் வரை ஏர் எடுத்தேன். இருபது முப்பது தள்ளல் பிடித்தது. இதைச் செய்யாமல் விட்டால் சக்கரத்தில் எத்தனை லிட்டர் ஓட்டினாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். எண்ணெய் டாட் 4. சிலிக்கோன் டாட் 5ஐ இதோடு கலக்கவே கூடாது.

சக்கரத்தில் ஏர் எடுத்த வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. மாஸ்டர் வலப்பக்கம் இருப்பதால் தூரக் கணக்கு இப்படி. இடது கை வண்டியின் கையேட்டில் உள்ள வரிசையை அப்படியே எடுக்க வேண்டாம்.

வேக்குவம் ஹோஸ். இந்த இன்ஜினில் மேனிஃபோல்டு இடப்பக்கம், பூஸ்டர் வலப்பக்கம். எக்ஸாஸ்ட் சூடு பூஸ்டருக்கு இல்லை, நல்லது. ஆனால் ஹோஸ் குறுக்கே வர வேண்டும். வேக்குவத்துக்கென்றே உள்ள 10 மி.மீ. ஹோஸ். ஹீட்டர் ஹோஸ் போட்டால் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் சிறு குழாயிலிருந்து எடுக்காமல் மேனிஃபோல்டிலிருந்தே எடுத்தேன். பூஸ்டரிலிருந்து மேனிஃபோல்டை நோக்கிச் சரிவாக இருக்கட்டும். நடுவில் தொய்ந்தால் பெட்ரோல் ஆவி அங்கே தேங்கி டயாஃப்ரத்தைக் கெடுக்கும்.

சோதனை: இன்ஜினை நிறுத்தி ஐந்து முறை மிதித்தேன், பெடல் கட்டியானது. மிதித்தபடி ஸ்டார்ட் செய்தேன். பெடல் காலுக்கடியில் இரண்டு செ.மீ. தானாக இறங்கியது. நிறுத்திச் சில நிமிடம் கழித்தும் இரண்டு மிதிக்கு உதவி மிச்சம் இருந்தது. வேக்குவத்தைப் பூஸ்டருக்குள் பிடித்து வைக்கும் செக் வால்வு சரி.

மார்ச் 23, சனி

நான்கு கி.மீ. ஓட்டியதில் முன் இரண்டு சக்கரமும் தொட முடியாத சூடு. ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால், இன்ஜின் ஓடும்போது கனமாக இருக்கிறது. நிறுத்தி நாலைந்து முறை மிதித்து வேக்குவத்தைக் காலி செய்ததும் சுலபமாகச் சுற்றுகிறது.

விடை அங்கேயே இருக்கிறது. ராட் நீளமாக இருந்தால் இன்ஜின் நின்றாலும் பிடிக்கும். ஓடும்போது மட்டும் பிடிக்கிறது என்றால், யாரோ பெடலை இலேசாக மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பூஸ்டர் நினைக்கிறது. பெடலின் மேலே பிரேக் லைட் சுவிட்ச். துளை இறங்கியதும் பெடலின் ஓய்வு இடம் 8 மி.மீ. பின்னால் வந்திருக்க வேண்டும். பழைய இடத்திலேயே இருந்த சுவிட்ச் அதை வரவிடாமல் தாங்கி நின்றது. பெடல் துளை மாற்றும்போது சுவிட்ச்சையும் மாற்ற வேண்டும் என்பதை 9ஆம் தேதி குறிப்பில் நான் எழுதியிருக்க வேண்டும். சுவிட்ச்சைப் பின்னுக்குத் திருகி, பெடலில் 3 மி.மீ. ஃப்ரீ பிளே (வெற்று ஓட்டம்) விட்டேன். மீண்டும் நான்கு கி.மீ.; சக்கரம் வெதுவெதுப்பு மட்டும்.

மார்ச் 24, ஞாயிறு

மழை ஓய்ந்த ஈரச் சாலை. பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வால்வைச் சரிசெய்ய இதுவே நல்ல நாள். ஈரத்தில் குறைந்த வேகத்திலேயே சக்கரம் பூட்டும். காலிப் பக்கியில் பின்பாரம் இல்லாததால் முதலில் பின் சக்கரம் பூட்டி வால் விலகுகிறது. ஆளில்லாத இடத்தில் 40 கி.மீ. வேகத்தில் பிடித்துப் பார்த்து, முன் சக்கரம் முதலில் பூட்டும் வரை அரைச் சுற்று அரைச் சுற்றாகக் குறைத்தேன். மூன்று அரைச் சுற்று.

பிறகு குளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவு, இரண்டாம் கியரில். பூஸ்டர் வந்துவிட்டது என்று கியரை மறந்துவிடக்கூடாது. பூஸ்டர் அழுத்தத்தைக் கூட்டுகிறது, டிஸ்க்கின் சூட்டை வாங்கிக்கொள்வதில்லை. கீழே நிறுத்திப் பெடல் உயரத்தைப் பார்த்தேன்: மேலே இருந்த அதே உயரம்.

மார்ச் 28, வியாழன்

எல்லா நட்டையும் மறுபடி பார்த்தேன். பிராக்கெட்டின் கீழ் வலது நட்டு மட்டும் கால் சுற்று இறுகியது. புதுப் பெயின்ட் நசுங்கியிருக்கிறது. அந்த இடத்தைச் சுரண்டி, இரும்போடு இரும்பு உட்கார வைத்து இறுக்கினேன். மாஸ்டருக்கும் பூஸ்டருக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. எண்ணெய் மட்டம் இறங்கவில்லை.

நாளை புனித வெள்ளி. பக்கி பின்னால் 300 கிலோ சாமான் ஏற்றிக்கொண்டு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிறது. பாரத்தோடு பின் டிரம் போதுமான அளவு பிடிக்கிறதா என்பதைத் தெருமுனையிலேயே இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் நெடுஞ்சாலை. தேவைப்பட்டால் வால்வை அரைச் சுற்று திரும்பக் கூட்டி, திரும்பி வந்ததும் பழைய குறிக்கே கொண்டுவர வேண்டும். அந்தக் குறியை வெள்ளைப் பெயின்டால் போட்டு வைத்திருக்கிறேன்.