பதினெட்டு நாள் போர்

ஜூன் 4
நண்பர் கொடுத்த ‘ரிட்லி வாக்கர்’ நாவலை இன்று தொடங்கினேன். ரஸ்ஸல் ஹோபன் எழுதி 1980-இல் வந்தது. அணுகுண்டுப் போரில் எல்லாம் அழிந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆனபின், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நடக்கும் கதை. உலகம் அழிந்த கதை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். மிச்சமிருந்தவர்கள் எதைத் தின்றார்கள், கிணற்றுக்கு யார் காவல் நின்றார்கள் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்பேன்.

இரவுக்குள் ஏழு பக்கம். பன்னிரண்டு வயதுப் பையன் காட்டுப்பன்றியைக் குத்திக் கொல்கிறான். அதுவரை புரிந்தது.

ஜூன் 6
கதை சொல்வது அந்தப் பையன்தான். அவனுக்கு எழுத்து அரைகுறை, அவன் காலத்து ஆங்கிலமும் தேய்ந்துபோனது. நாவல் முழுக்க அந்த ஆங்கிலம்தான். நேரான ஆங்கிலத்தையே பள்ளியில் அடிவாங்கிக் கற்றவன் நான். நண்பருக்குப் போன் போட்டேன். “பத்துப் பக்கம் பொறுத்துக்குங்க, அப்புறம் வழுக்கிட்டுப் போகும்” என்றார்.

ஜூன் 7
பத்தாம் பக்கம் தாண்டியாயிற்று. வழுக்கவில்லை.

ஜூன் 10
வாய்விட்டுப் படித்தால் புரிகிறது! கண்ணுக்குக் கோணலாக இருக்கும் சொல் காதில் சரியாக விழுகிறது. கரிசல் வட்டாரக் கதைகளை முதன்முதலில் படித்தபோதும் இப்படித்தான் முணுமுணுத்தேன். மனைவி எட்டிப் பார்த்து, “யார்கூடப் பேசுறீங்க?” என்றாள்.

ஊர்ப் பெயர்கள்தான் வேடிக்கை. கேன்டர்பரி ‘கேம்ப்ரி’ ஆகிவிட்டது, டோவர் ‘டூ இட் ஓவர்’, ஃபாவர்ஷம் ‘ஃபாதர்ஸ் ஹாம்’. தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கியவர்களுக்கு வேண்டியதுதான் என்று ஓர் அற்ப சந்தோஷம். பிரைம் மினிஸ்டர் ‘பிரை மின்சர்’ ஆகியிருக்கிறார். துருவுகிறவர், கொத்திப் பொடியாக்குகிறவர் என இரண்டு அர்த்தமும் பொருந்துகிறது.

ஜூன் 14
திடீரென்று நல்ல ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. நம் காலத்தில் எழுதியது, எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கிறது. புனித யூஸ்டேஸ் சுவரோவியத்தைப் பற்றிய விவரம், அவ்வளவுதான். பிரை மின்சர் அதற்கு உரை சொல்கிறார். ‘செயின்ட்’ என்பதன் சுருக்கமான எஸ், டி இரண்டெழுத்தை ‘சென்ட்’ என்று எடுத்துக்கொண்டு, ‘இந்த ஆள் தானாக வந்தவன் இல்லை, அனுப்பப்பட்டவன்’ என்கிறார். படுக்கையில் குலுங்கிச் சிரித்தேன். கல்வெட்டைத் தடவிப் பார்த்தே கதை கட்டும் ஆட்களை நம் கோயில்களிலும் பார்த்திருக்கிறேன்.

அந்த ஓவியம் கேன்டர்பரி பேராலயத்தில் நிஜமாகவே இருக்கிறது. 1974-இல் ஹோபன் அதைப் பார்த்ததில்தான் நாவல் முளைத்தது. ஓவியத்தின் கதையில் மான் கொம்புகளுக்கு நடுவே ஏசு. நாவலில் அதே இடத்தில் மினுங்கும் குட்டி மனிதன், அதாவது அணு. அவனைப் பிடித்து இரண்டாகப் பிய்க்கிறார்கள். பிரமாதம்.

ஜூன் 17
பிரமாதம் அதோடு சரி. நாய்க்கூட்டம் பையனை ஏன் கூட்டிப் போகிறது? மஞ்சள் கல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? நேற்று எதிரி, இன்று கூட்டாளி. எனக்குப் பிடிபட்டவரை, எல்லாரும் வெடிமருந்துக்கு அலைகிறார்கள். வெடியுப்பு, கரி, கந்தகம் (அதுதான் அந்த மஞ்சள் கல்). சிவகாசியில் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். இங்கே ஒவ்வொன்றும் விடுகதையாகவும் பொம்மலாட்டமாகவும் வருகிறது. மொழி முடிச்சை அவிழ்த்தால் உள்ளே இன்னொரு முடிச்சு.

ஜூன் 21
முடித்தேன். பாரதப் போரும் பதினெட்டு நாள்தான், ஆனால் அங்கே ஜெயித்தது யார் என்றாவது தெரியும். இங்கே மருந்து வெடிக்கிறது, சிலர் சாகிறார்கள், பையன் பொம்மலாட்டம் காட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான்.

ஹோபன் ஐந்தரை வருஷம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், மூளையைக் குறை சொல்லவில்லை. ஆரம்பத்திலேயே பையனின் அப்பா சாகிறார். சேற்றில் புதைந்த பழைய இயந்திரத்தைத் தூக்கும்போது அது அவர்மேல் விழுந்து நசுக்குகிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். நாவல் நிற்கவில்லை, அடுத்த விடுகதைக்குப் போய்விட்டது. கடைசிவரை அந்த அப்பாவுக்காகத்தான் பக்கம் புரட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 22
புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நண்பர் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். 1998-இல் வந்த விரிவான பதிப்பாம். பின்னால் ஹோபனின் குறிப்புகளும் சொற்பொருள் பட்டியலும். “இதைப் பார்க்கவே இல்லையா?”

முடிவு தெரிந்துவிடுமே என்று பின்பக்கம் போகாமலே இருந்தேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை.