பல்லில்லாத பக்கெட்

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஒரு ஊராட்சி. போன வருசம் அங்கே மேல்நிலைத் தொட்டிக்குப் புதிய குடிநீர்க் குழாய் பதித்தபோது, தொல்லியல் கண்காணிப்புக்கு நின்ற ஆள் நான். மொத்தம் பதினொரு நாள். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் புதையல் தேடிக் கடப்பாரையோடு வந்துவிடுவார்கள், கொங்குப் பக்கம் பழங்கால ஈமக்குழியைச் சுற்றி நட்ட கல்வட்டம் எத்தனையோ அப்படித்தான் நாசமாகியிருக்கிறது. இந்த வேலைக்குப் போகும்போது எனக்கு விவரம் சொல்ல யாரும் இல்லை. அடுத்து போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் இடம். கொடுமணல் எல்லாருக்கும் தெரியும். நொய்யலின் வடகரை, சங்கப் பாட்டில் வரும் கொடுமணம். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டத் தொடங்கியதிலிருந்து பச்சைக்கல், சூதுபவள மணிகளும் இரும்பு உருக்கிய உலைகளும் தமிழ்பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் வந்த ஊர். அந்தப் பச்சைக்கல் கிடைக்கிற படியூர் காங்கேயத்துக்குப் பக்கம்தான். ஆனால் கொடுமணலோடு எதுவும் முடிந்துவிடவில்லை, சுற்றுவட்டாரத்தில் மேட்டாங்காடு, மாடு மேய்கிற கொறங்காடு எல்லாம் ஈமக்குழிகள். ஊரில் பாண்டியன் குழி என்பார்கள். எங்கள் குழாய் போகிற வழியிலும் ரோட்டை ஒட்டிய கொறங்காட்டில் மூன்று கல்வட்டம் இருந்தன. அதனால்தான் தோண்டுகிற நாளெல்லாம் தொல்லியல் படித்த ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு அனுமதி கொடுத்தார்கள்.

வேலை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் இன்ஜினியரோடு 1,400 மீட்டரையும் நடந்தேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தெரிந்த மூன்று வட்டத்தையும் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி போட்டாயிற்று. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கல்லைப் பற்றி எனக்குப் பயமே இல்லை, அதை யாரும் இடிக்கப் போவதில்லை. கல்லை எப்போதோ பிடுங்கி வேலிக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்ட குழிகள்தான் ஆபத்து. மேலே ஒன்றும் இருக்காது, கீழே மண்ணின் நிறம் மட்டும் மாறும். அதைப் பார்க்க ஒரே வழி, பக்கெட் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் குழியின் ஓரத்தில் நிற்பது. கார் நிழலில் உட்கார்ந்துகொண்டு ஓடு வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்வது கண்காணிப்பு இல்லை.

ஜேசிபி டிரைவரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். பல் வைத்த பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பல்லில்லாததைப் போட வேண்டும், ஏனென்றால் பல் மண்ணைக் கீறிக் குழப்பிவிடும், தட்டையான விளிம்பு வெண்ணெய் வழிக்கிற மாதிரி வழித்துக்கொண்டு வரும், நிறம் சுத்தமாகத் தெரியும். அடுத்தது, நான் கையை மேலே தூக்கினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். “அதுக்கென்னங் அம்மிணி, நிறுத்திட்டாப் போச்சு” என்றார். பதினொரு நாளும் சொன்ன சொல் காப்பாற்றினார்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் பஸ்ஸில் இறங்கும்போது நாற்பது மீட்டர் ஏற்கெனவே தோண்டிக் கிடக்கிறது. குழாய் வேலையைக் குத்தகை எடுத்தவர் வேறு வண்டியை வரவழைத்து ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டார், வெயிலுக்கு முன்னால் முடிக்கலாம் என்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க மண் குவியலைக் கரணையால் கிளறி, குழியின் இரண்டு சுவரையும் சுரண்டிப் பார்த்தேன். தேய்ந்த ஓட்டுச்சில் ஏழெட்டு கிடைத்தன, சுவரில் எந்தக் குழித்தடமும் இல்லை. அதையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதி இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கினேன். அன்று சாயந்திரமே ஊரில் ஒரு வீட்டில் தங்க இடம் கேட்டுவிட்டேன். நீங்களும் ஊரிலேயே தங்குங்கள், பஸ்ஸை நம்பாதீர்கள்.

ஐந்தாம் நாள், 640ஆவது மீட்டர். அந்தப் பகுதி மண் செங்கல் நிறம், கொஞ்சம் கீழே போனால் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல் கலந்த சரளை, அதற்கும் கீழே வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல். முக்கால் மீட்டர் ஆழத்தில் பக்கெட் வழித்துக்கொண்டு போன இடத்தில், சிவப்புக்கு நடுவே சாம்பல் கலந்த ஒரு வளைவு. கையைத் தூக்கினேன். வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தால் அந்த வளைவுக்கு உள்ளே மண் பொலபொலவென்று இருக்கிறது, வெளியே கரணை இறங்கவே மாட்டேன் என்கிறது. அடுத்த சுரண்டலில் ஒரு கால் வந்தது. விரல் நீளம், நுனி மழுங்கியது, பார்க்க மஞ்சள் கிழங்கு மாதிரி. நான்கு கால் சாடியின் கால், ஈமக்குழிகளில் வைக்கிற பாத்திரம். பக்கத்திலேயே உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு கிண்ணத்தின் விளிம்பு. துணியால் லேசாகத் துடைத்ததும் பளபளப்பு அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் பேசவில்லை.

இரண்டு பக்கமும் ஐந்து மீட்டர் விட்டுக் கயிறு கட்டினோம், தொல்லியல் துறைக்குப் போன் செய்தோம், அன்று மதியமே எழுத்திலும் அனுப்பினோம். வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடும், சும்மா நின்றால் எல்லாருக்கும் நம்மேல்தான் கோபம் வரும். அதனால் ஏதாவது கிடைத்தால் வண்டி எங்கே போகும் என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். தொட்டிப் பக்கமிருந்து எதிர்த்திசையில் தோண்டப் போய்விட்டது. அங்கே என்னோடு படித்த தோழியை வரவழைத்து நிற்கவைத்தேன். நான் மூன்று ஆட்களோடு கையால் சுத்தம் செய்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, வரைபடம் போட்டேன்.

தண்ணீர் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஊருக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் நல்ல தண்ணீர். புதிய குழாய் வந்தால், ஜல் ஜீவன் என்கிற மத்திய அரசுக் குடிநீர்த் திட்டக் கணக்குப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அது கிடைக்கும் என்று காத்திருந்த பெண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, “உங்களாலதான் லேட்டுங்களாமா?” என்று கேட்டார்கள். கேட்கிற நியாயம் அவர்களுக்கு உண்டு. மறைக்காமல் குழியைக் காட்டினேன், எத்தனை நாள் ஆகும் என்று சொன்னேன், சொன்ன தேதியைக் காப்பாற்றினோம். கயிறு கட்டிய மூன்றாம் நாள் அதிகாரி வந்து பார்த்து, தோண்டி எடுக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே விடுவோம், குழாய் ரோட்டைக் குறுக்கே தாண்டி எதிர்ப்புறம் போகட்டும் என்று முடிவு செய்தார். குழிக்குள் ஷீட் விரித்து, சலித்த மணல் போட்டு, மேலே பழைய மண்ணையே மூடினோம். கூடுதலாக ஆனது நான்கு நாள்.

கொறங்காட்டுக்காரர் எழுபது தாண்டியவர். முதல் நாளிலிருந்தே என்னிடம் பேசமாட்டார். கிளுவை வேலிக்கு உள்ளே நின்று மாட்டைப் பார்க்கிற மாதிரி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கல்லு கிடைத்ததென்றால் நிலத்தை கவர்மெண்ட் எடுத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பயத்தால்தான் நம்மூரில் பாதிப் பேர் ராத்திரியோடு ராத்திரியாக மூடிவிடுகிறார்கள். அவரோடு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878இலேயே சட்டம் இருக்கிறது, மறைத்தால்தான் குற்றம். ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டது என்று அறிவிக்க அரசிதழில் முறையாக வர வேண்டும், ஒரு குழாய்க்குழியில் பானை வந்ததற்காக யாரும் காட்டைப் பிடுங்க முடியாது. இப்போது குழாயே எதிர்ப்பக்கம் போகிறது, உங்கள் மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல்லில் ஒரு கைப்பிடி குறையாது என்றேன். பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நாள், பிரஷர் டெஸ்ட் முடிந்து நான் பையைக் கட்டும்போது அவரே வந்தார். “கண்ணு, ஒண்ணு காட்டறேன் வா” என்று தோட்டத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். அவர் அப்பா காலத்தில் அந்த 640ஆவது மீட்டர் பக்கமிருந்து வண்டி கட்டி இழுத்துவந்த பலகைக்கல், துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. நடுவில் தேய்ந்து வழவழவென்று பள்ளமாகியிருந்தது. ஒரு விளிம்பில் மட்டும் அரைவட்டமாகச் செதுக்கிய வெட்டு. கல்லறைப் பலகையில் விடுகிற வட்டத் துளையின், அதாவது இடுதுளையின் பாதி. மருமகள் சோப்பு நுரையை வழித்துவிட்டுத் தள்ளி நின்றாள். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, நீளம் அகலம் கனம் மூன்றையும் அளந்து, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார்.