60 நாள் கரண்ட் செலவு ஒரே வரியில்: எழுத்துகளால் வரையும் சின்ன வரைபடம்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. அந்தச் சுற்றில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். 500-ஐ 60 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 8.3 யூனிட் வருகிறது. தினசரிச் செலவு இந்த அளவுக்கு மேலே போகிறதா, கீழே நிற்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியவேண்டும். அதற்காகச் செய்து பார்த்தது இது.

மீட்டர் திரையில் வோல்டேஜ், தேதி, நேரம் என்று பலதும் மாறிமாறி வரும். பக்கத்தில் கேடபிள்யூஹெச் (kWh, அதாவது யூனிட்) என்று காட்டும் எண்ணை மட்டும் தினம் ஒரே நேரத்தில் உரைக் கோப்பில் எழுத வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் விடக்கூடாது. முழு எண்ணாக மட்டும் எழுதினால் ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் வரை தவறலாம். 8.3-ஐத் தேடும் வேலையில் அது பெரிய தவறு. இன்றைய ரீடிங்கில் நேற்றையதைக் கழித்தால் செலவு. கீழே உள்ள மாதிரிக் கணக்கில் வசதிக்காக முழு எண்களே இருக்கின்றன:

6 7 6 8 9 12 13 11 7 6 6 8 14 9

வரைய எட்டு எழுத்துகள் போதும்: ▁▂▃▄▅▆▇█. யூனிகோடில் U+2581 முதல் U+2588 வரை வரிசையாக இருப்பவை. வாக்கியத்துக்குள் அடங்கும் இந்த மாதிரி வரைபடத்துக்கு ஸ்பார்க்லைன் என்று பெயர் வைத்தவர் தரவை வரைபடமாகக் காட்டும் துறையின் வல்லுநர் எட்வர்ட் டஃப்டி.

முதலில் எல்லோரும் செய்யும் வழி: மிகச் சிறிய எண்ணுக்கு ▁, மிகப் பெரியதுக்கு █. எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து, 7-ஆல் பெருக்கி, வீச்சால் (இங்கே 14 - 6 = 8) வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் 0 முதல் 7 வரை ஒரு படி கிடைக்கும்.

▁▂▁▃▄▆▇▅▂▁▁▃█▄

பார்க்க அழகு. ஆனால் 6 யூனிட் செலவான நாள் ஒன்றுமே செலவாகாத நாள் போலத் தெரிகிறது. இன்னொரு கோளாறு, 40 யூனிட் ஆன ஒரு நாள் உள்ளே வந்தால் மற்ற 14 நாளும் அடியில் இருக்கும் மூன்று படிகளுக்குள் நசுங்கிவிடும். எல்லா நாளும் ஒரே செலவு என்றால் வீச்சு பூஜ்யம், நிரல் வகுக்க முடியாமல் நின்றுவிடும்.

அடியை 0 என்று வைத்து, எண்ணை 7-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்துப் பார்த்தபோது, நிரல் எழுதப் பயன்படுத்திய பைத்தான் மொழி வேறொரு வேலை காட்டியது:

▄▅▄▅▅▇▇▇▅▄▄▅█▅

7, 8, 9 மூன்றும் ஒரே உயரம். 11, 12, 13-ம் அப்படியே. காரணம், பைத்தானின் முழு எண்ணாக்கும் செயல்கூறு (round) சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். 3.5-ம் 4 ஆகிறது, 4.5-ம் 4 ஆகிறது. அரையைக் கூட்டி, தசமத்தை வெட்டிவிட்டால் இது தீரும்.

ஆனால் உண்மையான தீர்வு, அளவுகோலைத் தரவிலிருந்து எடுக்காமல் கேள்வியிலிருந்து எடுப்பது. ஒரு படிக்கு 2 யூனிட் என்று நிலையாக வைத்து, 2-ஆல் வகுத்துத் தசமத்தை வெட்டி, 7-க்கு மேல் வந்தால் 7 என்று நிறுத்தவேண்டும்.

▄▄▄▅▅▇▇▆▄▄▄▅█▅

இப்போது ▄ என்றால் 6 அல்லது அதற்கு மேல், ஆனால் 8-க்குக் கீழே. ▅ வந்தாலே எல்லைக்கு வந்தாயிற்று. 40 யூனிட் நாள் வந்தாலும் █ தான், பக்கத்தில் அந்த எண்ணை மட்டும் எழுதிவிடலாம். போன சுற்றின் வரியையும் இதன் கீழே வைத்து நேராக ஒப்பிடலாம். முதல் முறையில் ஒவ்வொரு சுற்றும் தன் அளவுக்கு நீண்டு, கோடைக்காலமும் மார்கழியும் ஒன்றுபோலத் தெரியும்.

ரீடிங் எடுக்காத நாளுக்கு ▁ போடவே கூடாது. நடுப்புள்ளி (·) போடவேண்டும். அடுத்த நாள் கழித்தலில் இரண்டு நாள் செலவும் சேர்ந்து வரும், அதை இரண்டால் வகுக்க மறந்தால் இல்லாத உச்சம் ஒன்று முளைக்கும்.

எழுத்துருவிலும் ஒரு சிக்கல் உண்டு. ▄, █ இரண்டும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் (DOS) காலத்து எழுத்துத் தொகுதியிலேயே இருந்தவை, மற்ற ஆறும் இல்லை. அதனால் சில எழுத்துருக்களில் இந்த இரண்டு மட்டுமே இருக்கும், மீதியை டெர்மினல் (கட்டளை எழுதும் கணினிச் சாளரம்) வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். அந்த இரண்டின் அடிமட்டம் மற்றவற்றோடு சேராது. டெஜாவு சான்ஸ் மோனோ என்ற எழுத்துருவில் எட்டும் இருக்கின்றன.

கிழமைப் பெயரைத் தமிழில் முன்னால் எழுதினால் வரிகள் கோணும். ‘செவ்வாய்’ கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக் கணக்கில் எட்டு. ‘திங்கள்’ கண்ணுக்கு நான்கு, கணினிக்கு ஏழு. எழுத்தை எண்ணி இடைவெளி போட்டு நிரப்பும் நிரல் இங்கே ஏமாறும். வரைபடத்தை முதலில் வைத்து, தமிழை வரியின் கடைசிக்குத் தள்ளினால் பிரச்சினையே இல்லை. 60 நாளும் 60 எழுத்துதான், 80 எழுத்து அகல டெர்மினலில் இன்னும் 20 மிச்சம் இருக்கும்.

அந்த மிச்ச இடத்தில் மொத்த யூனிட்டும், இதே வேகத்தில் போனால் 60 நாளுக்கு எவ்வளவு என்பதும்:

▄▄▄▅▅▇▇▆▄▄▄▅█▅ 122 → 523