காலை 9 மணி, இரவு 7 மணி ஆனபோது

கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் மரணத்தில் எனக்கு ஆறவே ஆறாதது அந்த நேர மாற்றம்தான். 2019 ஜனவரி 21 காலை 9 மணிக்கு பிரான்சின் நான்ட் நகரிலிருந்து பிரிட்டனின் கார்டிஃபுக்கு, புது அணியில் சேர, குட்டி விமானத்தில் கிளம்ப வேண்டியவர். பழைய அணித் தோழர்களிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று பயணத்தை இரவு 7 மணிக்கு மாற்றச் சொன்னார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் சரி என்றார்கள். பைலட்டுக்கு இரவில் ஓட்டும் தகுதி இல்லை. காசுக்கு ஆள் ஏற்றும் லைசன்ஸும் இல்லை. ஒற்றை எஞ்சின் பைப்பர் மாலிபு ரக விமானம், குளிர்கால இரவு, கீழே ஆங்கிலக் கால்வாய்.

இரவில் கடல் மேல் என்ன நடக்கும் என்பதை ஃப்ளோரிடாவில் விமானம் ஓட்டப் பழகும் என் அண்ணன் மகன் விளக்கினான். பயிற்சியாளர் அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, விமானத்தை மெதுவாகச் சாய்த்துத் திருப்பினாராம். "இப்போ எப்படிப் போறோம்?" "நேரா." கண்ணைத் திறந்தால் இடது இறக்கை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "உடம்பு சத்தியம் பண்ணுது சித்தப்பா, நேராத்தான் போறோம்னு!" திருப்பம் சீராக நீண்டால் உள்காதுக்கு அது உறைக்காது. பகலில் அடிவானம் காட்டிக்கொடுத்துவிடும். நிலவில்லாத இரவில் கடலும் வானமும் ஒரே கறுப்பு. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழகாதவருக்குப் பிடிமானமே இல்லை. 1999இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தானே ஓட்டிய விமானம், அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நெருங்கும்போது கடலில் விழுந்ததும் இப்படித்தான். விமானத்தில் ஒரு கோளாறும் இல்லை.

சாலாவின் விமானத்தில் கோளாறும் சேர்ந்துகொண்டது. மேகத்தைத் தவிர்க்கத் திருப்பியபோது கட்டுப்பாடு போய், அதிவேகத்தில் நடுவானிலேயே உடைந்தது. எஞ்சின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே கசிந்து பைலட்டையும் மயக்கியிருக்கலாம் என்கிறது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. சாலாவின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தை அது பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் விமானத்தில் இல்லை.

பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021இல் 18 மாதச் சிறை. எனக்கு அது போதவில்லை. பின் சீட்டில் உட்காருகிறவருக்கு பைலட்டின் லைசன்ஸில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் தனியார் பைலட் லைசன்ஸுக்கு இரவுப் பயிற்சி குறைந்தது 3 மணி நேரம் இருந்தால் போதுமாம். கருவிகளை வைத்து ஓட்டும் தகுதியையும் வாங்கிய பிறகுதான் இரவில் யாரையும் ஏற்ற வேண்டும் என்று அண்ணன் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே வாங்கிவிடு, காசு நான் அனுப்புகிறேன் என்றும் சொன்னேன்.