65 சொன்னார், நாங்கள் 57ல் நின்றோம்

சென்னை தண்டையார்பேட்டையில் அந்த வீட்டைப் பார்த்த அன்றே மனைவிக்குப் பிடித்துவிட்டது. 600 சதுர அடி மனை, மேலும் கீழும் இரண்டு போர்ஷன், மொட்டை மாடியில் சாயங்காலம் கடற்காற்று. விலை 65 லட்சம். "மெட்ரோ நடக்கிற தூரம் சார்" என்றார் தரகர், என்னவோ அவரே போட்டுக் கொடுத்த மாதிரி. மெட்ரோ 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது.

சொன்ன விலையில் பத்து சதவீதம் குறைத்துக் கேள் என்றார்கள் எல்லோரும். 65 என்பதே வீட்டுக்காரர் வாய்க்கு வந்த நம்பர், அதில் பத்து சதவீதத்துக்கு மட்டும் என்ன அர்த்தம்? நான் கைக்காசிலிருந்து கணக்குப் போட்டேன். இருப்பது 25 லட்சம். அதில் 4 ரிப்பேருக்கு, ஏனென்றால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து மேல் போர்ஷன் சீலிங் பெயர்ந்து கிடக்கிறது. மிச்சம் 21. பேங்குகளுக்கு மதிப்புப் போடும் இன்ஜினியர் ஒருவரை, தெரிந்தவர் மூலம் கூட்டிப்போய்க் காட்டினேன். 52 தாண்டாது என்றார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம், ஆக லோன் 41.6. பத்திரச் செலவு அதில் சேராது, முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் நம் பையிலிருந்துதான் போகும்.

57க்கு முடித்தால் லோன் போக நாம் போடுவது 15.4, பத்திரத்துக்கு 5.13. மிச்சம் 47 ஆயிரம், அது தரகருக்கே சரியாகிவிடும். 58 என்றால் நகையை வைக்க வேண்டும்.

முதலில் 52 கேட்டேன். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது, ஆனாலும் டீ வந்தது. ஹாலில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் ஏன் புதுப் பெயிண்ட் என்று கேட்டதும்தான் பேச்சு மாறியது. (2023 டிசம்பர் புயல் மழையில் தண்ணீர் உள்ளே வந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா முன்பே சொல்லியிருந்தார்.) 62, அப்புறம் 60, கடைசியில் 59. கொஞ்சத்தை ரொக்கமாகக் கொடுத்துப் பத்திரத்தில் குறைத்துப் போட்டால் செலவு மிச்சம் என்று தரகர் காதைக் கடித்தார். பத்திர விலை 52க்குக் கீழே போனால் லோனும் குறையும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

57 என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம். பத்து நாளில் வேறு யாரோ முடித்துவிட்டார்களாம். மனைவி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

இப்போது காலடிப்பேட்டையில் ஒரு வீடு வந்திருக்கிறது. தரகர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார். நல்ல மழை பெய்கிற நாளாகப் பார்த்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.