12 நிமிடத் தாளும் இரண்டரை விநாடி முடிவும்

அமெரிக்கக் காற்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் மலேசியாவில் இருக்கும் நமக்குத் திங்கட்கிழமை காலை 7.30-க்குத் தொடங்கும். ரொட்டி சானாய் நேரம். பிரிக்ஃபீல்ட்ஸில் தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு குவாட்டர்பேக் (பந்தை வீசி அணியை நடத்துபவர்) பந்தை எதிரணி கையில் கொடுத்துவிட்டால், யாராவது ஒருவர் கைப்பேசியைத் தட்டி, "இவனுக்கு வொண்டர்லிக்கில் 40-க்கு மேலாமே, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டுவிடுவார். நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் அந்தத் தாள் எதை அளக்கிறது, அந்த ஆட்டக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வொண்டர்லிக் என்பது ஓர் அறிவுத்திறன் தேர்வு: 50 கேள்வி, 12 நிமிடம். வகுத்தால் கேள்விக்கு 14.4 விநாடி. 1930-களில் எல்டன் வொண்டர்லிக் இதை நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பதற்காக உருவாக்கினார். 1970-களில் டாலஸ் கவ்பாய்ஸ் பயிற்றுநர் டாம் லேண்ட்ரி வழியாக அமெரிக்கக் காற்பந்துக்குள் நுழைந்தது. பிறகு இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் எனப்படும் ஆட்டக்காரர் சோதனை முகாமில் வழக்கமான ஓர் அங்கமாகி, 2022-இல் அங்கிருந்து நீக்கப்பட்டது.

கேள்விகள் எந்த மாதிரி? "3 எலுமிச்சை 2 வெள்ளி 40 காசு, 15 எலுமிச்சை எவ்வளவு?" என்ற ரகம். ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல், அடுத்து ஓர் எண் வரிசை, அதற்கடுத்து மடித்த தாளை விரித்தால் வரும் வடிவம் என்று கலந்து வரும். போகப் போகக் கடினமாகும். தவறான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. பெரும்பாலோர் 50-ஐ முடிப்பதே இல்லை. பொதுவாகச் சராசரி 20, 21 என்பார்கள். விளையாட்டு எழுத்தாளர் பால் சிம்மர்மன் 1980-களில் வெளியிட்ட கணக்கில் குவாட்டர்பேக்குகளின் சராசரி 24. அவர்களுக்கு மேலே, 26-இல் நின்றவர்கள் முன்வரிசையில் முட்டிமோதும் அஃபென்சிவ் டேக்கிள்கள்.

இப்போது ஆடுகளத்துக்கு வருவோம். ஓர் ஆட்டம் (பந்து ஒருமுறை நகர்ந்து நிற்பது) முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்தில் வானொலி இருக்கிறது (1994 முதல் இந்த ஏற்பாடு). கடிகாரம் 15-ஐத் தொட்டதும் அது அணைந்துவிடும். அதற்கு மேல் பயிற்றுநர் குரல் இல்லை. 40 விநாடி முடிவதற்குள் நீளமான ஓர் ஆட்டப் பெயரைக் கேட்டு, மற்ற 10 பேருக்கும் பிசகாமல் சொல்லி, வரிசையில் நின்று, எதிரணியின் கடைசிக் காவலர்கள் ஒருவரா இருவரா என்று எண்ணி, யார் பாய்ந்து வரக்கூடும் என்று முன்வரிசைக்குக் கைகாட்டியிருக்க வேண்டும்.

பந்து கைக்கு வந்தபின் கிடைப்பது ஏறக்குறைய இரண்டரை விநாடி. ஸ்மாஷ் என்ற பழைய ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். வெளிப்பக்க ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) 5 யார்டு ஓடித் திரும்பி நிற்பார். உள்பக்கத்தில் இருப்பவர் 10, 12 யார்டு ஓடி மூலையை நோக்கி வெட்டுவார். குவாட்டர்பேக் பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஆளை: அந்தப் பக்கத்து ஓரத்தில் காவல் நிற்கும் கார்னர்பேக். அவர் பின்வாங்கினால் கிட்டே நிற்பவருக்கு வீச வேண்டும்; முன்னே நின்றால் மூலைக்கு வீச வேண்டும். கேட்க எளிது. ஆனால் இரண்டு காவலர்கள் ஆழத்தில் நிற்பதுபோல் காட்டிவிட்டு, பந்து நகர்ந்ததும் ஒருவர் நடுவுக்கு ஓட, கார்னர்பேக் பின்னுக்குச் சரிய, இன்னொருவர் பக்கவாட்டில் வந்து கிட்டே நிற்பவரை மறைத்தால்? முன்கூட்டியே போட்ட கணக்கைக் கைவிட்டு, அடுத்த ஆளைத் தேட வேண்டும். அதற்குள் இடுப்பை நோக்கி ஓர் ஆள் பாய்ந்து வந்திருப்பார். கண்ணை ஒரே இடத்தில் ஊன்றினால் ஆழத்துக் காவலர் அந்தக் கண்ணைப் படித்துவிடுவார். குவாட்டர்பேக் எறியும் இன்டர்செப்ஷன்களில் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) நிறைய இந்த வகைதான்: ஆட்டப் புத்தகம் தெரியும், ஆனால் கண் தாமதித்தது.

எலுமிச்சைக் கணக்குக்கும் இதற்கும் பொதுவாக எதுவுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய, எதிரணியின் பதிவுகளைப் பார்த்துப் பழக்கங்களைப் பிரித்தெடுக்க, வாரத்தின் 6 நாளும் பொது அறிவுத்திறன் உதவும். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை விநாடிக்குள் அது எவ்வளவு தூரம் வரும் என்பதில்தான் சிக்கல்.

வெளியே வந்த புள்ளிகளைப் பார்க்கலாம். இவை லீக் அறிவித்தவை அல்ல, செய்தியில் கசிந்தவை. அதனால்தான் ஒரே ஆளுக்கு இரண்டு எண் உலவுகிறது. டான் மரினோ 15 அல்லது 16. லமார் ஜாக்சன் 13. 2019-இலும் 2023-இலும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. பேட்ரிக் மஹோம்ஸ் 24. ஹார்வர்டில் படித்த ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக் 48. 9 அணிகளுக்கு ஆடினார், பருவ இறுதியின் வெளியேற்றச் சுற்றான பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கியதில்லை. 2011 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு) 10-ஆவதாக எடுக்கப்பட்ட பிளெய்ன் கேபர்ட் 42. முதல் சுற்றுத் தேர்வுக்கு ஏற்ற ஆட்டம் வரவே இல்லை. இதை மட்டும் வைத்துப் "படித்தவன் தோற்றான்" என்று கைதட்டுபவர்கள் டாம் பிரேடி 33, ஆரன் ராஜர்ஸ் 35 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். பெயர்களைப் பொறுக்கி எடுத்தால் எந்த வாதத்தையும் நிறுவலாம்.

எனவே ஆய்வுகளுக்குத்தான் போக வேண்டும். பிரையன் லையன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்டது, 2002 முதல் 2004 வரையிலான மூன்று டிராஃப்ட்களின் 762 ஆட்டக்காரர்களைப் பற்றியது. பெரும்பாலான இடங்களில் புள்ளிக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்), பின்காவல் ஆட்டக்காரர்களுக்கு அது தலைகீழாகவே போனது: புள்ளி கூடினால் ஆட்டம் குறைந்தது. பொருளியலாளர்கள் டேவிட் பெர்ரியும் ராபர்ட் சிமன்ஸும் 2011-இல் குவாட்டர்பேக்குகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். வொண்டர்லிக் புள்ளி, உயரம், ஓட்ட வேகம் எல்லாம் ஒருவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பதோடு சேர்ந்து வந்தன. களத்தில் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் எவ்வளவு சாதிக்கிறார் என்பதோடு சேர்ந்து வரவில்லை. அணிகள் விலை கொடுத்த குணம் ஒன்று, களத்தில் கிடைத்தது வேறொன்று.

ஆனால் "தொடர்பு தென்படவில்லை" என்பதை "தொடர்பு இல்லை" என்று படித்துவிடக் கூடாது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடமும் இதுதான்.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் நுழைபவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் 4.00-ஐ ஒட்டியே மதிப்பு வாங்கியவர்கள். அவர்களுக்குள் யார் சிறந்த அறுவை மருத்துவராவார் என்று அந்த எண்ணைக் கொண்டு பிரிக்க முடியாது. காரணம், எண் பயனற்றது என்பதில்லை. எல்லோருக்கும் ஒரே எண் என்பதுதான். குவாட்டர்பேக்கும் அப்படியே. பள்ளி, கல்லூரி, மூன்று நான்கு ஆண்டு ஆட்டப் புத்தகம் என்று பல சல்லடைகளில் விழாமல் நின்றவர்கள்தான் கம்பைனுக்கு வருகிறார்கள். வீச்சு சுருங்கிவிட்டது.

சுருக்கம் எவ்வளவு பாதிக்கும் என்பதைக் கணக்காகவே காட்டலாம். முழு மக்கள்தொகையில் ஒட்டுறவுக் கெழு (புள்ளியும் ஆட்டமும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.30 என்று வைத்துக்கொள்வோம். தேர்வானவர்களின் புள்ளிகளின் சிதறல் பொதுமக்களின் சிதறலில் பாதி என்றால், நம் கண்ணுக்குத் தெரியும் கெழு 0.155-ஆகச் சுருங்கும். இந்த அளவு சின்னத் தொடர்பை நம்பகமாகப் பிடிக்க, வழக்கமான 80 விழுக்காட்டு வாய்ப்போடு, ஏறத்தாழ 320 பேர் வேண்டும். ஓர் ஆண்டு டிராஃப்டில் எடுக்கப்படும் குவாட்டர்பேக்குகள் 10, 12 பேர். கணக்குப் போட்டால் 30 ஆண்டு. அந்த 30 ஆண்டில் பந்து வீசும் (பாஸ்) விதிகளே மாறியிருக்கும். அந்த 320 பேரில் பாதிக்குப் பாதி களத்தில் இறங்கியே இருக்க மாட்டார்கள்.

இன்னொரு குழி, வெற்றி என்றால் என்ன என்பது. எத்தனை ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார் என்று அளந்தால், அது பாதியளவுக்கு அணியின் பிடிவாதத்தை அளக்கிறது. முதல் சுற்றில் எடுத்தவனுக்குப் பணம் கொட்டியாகிவிட்டது. மோசமாக ஆடினாலும் இறக்குவார்கள். ஆறாம் சுற்றில் வந்தவன் இரண்டு ஆட்டம் சொதப்பினால் கதை முடிந்தது. வென்ற ஆட்டங்களை எண்ணினால், தற்காப்பு அணியின் உழைப்பும் குவாட்டர்பேக் கணக்கில் சேரும்.

என் கணிப்பில் உருப்படியான அளவு, திருத்திய நிகர யார்டு. பாஸ் யார்டு, அதோடு ஒவ்வொரு டச்டவுனுக்கும் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) 20 கூட்டு. ஒவ்வோர் இன்டர்செப்ஷனுக்கும் 45 கழி. சாக்கில் (வீசுமுன் குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது) இழந்த யார்டையும் கழி. வந்ததைப் பாஸ் முயற்சியும் சாக்கும் சேர்ந்த எண்ணால் வகு. மரினோவின் 1984: 5,084 யார்டு, 48 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன், 13 சாக்கில் 120 யார்டு இழப்பு, 564 முயற்சி. 5,084 + 960 − 765 − 120 = 5,159. அதை 577-ஆல் வகுத்தால் 8.94. இன்றைக்கும் அரிதாக எட்டப்படும் எண். 15 அல்லது 16 புள்ளி வாங்கியவரின் எண். ஒரு எச்சரிக்கை: 1984-இன் 8.94-ஐ இன்றைய 8.94-ஓடு நேரே ஒப்பிடாதீர்கள். பாஸ் விதிகள் தளர்ந்துவிட்டன. அந்தந்த ஆண்டின் லீக் சராசரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

வொண்டர்லிக்குக்கு மாற்றாகப் புதிய தேர்வுகள் வந்திருக்கின்றன. எஸ்2 காக்னிஷன் கணினித் திரையில் பொருள்களைக் காட்டி, எவ்வளவு விரைவாகப் பார்க்கிறாய், எத்தனை பொருளை ஒரே நேரத்தில் தொடர்கிறாய், கை பாய்வதை எப்படித் தடுக்கிறாய் என்று அளக்கிறது. எலுமிச்சைக் கணக்கைவிட இது வேலைக்கு நெருக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் 2023-இல் நடந்ததைப் பாருங்கள். சி.ஜே. ஸ்ட்ரவுட் 18-ஆவது சதமானம் (100 பேரில் 18 பேரைவிட மேல்) என்றும் பிரைஸ் யங் 98 என்றும் செய்தி கசிந்தது. கரோலினா யங்கை முதலில் எடுத்தது, ஹூஸ்டன் ஸ்ட்ரவுடை இரண்டாவதாக எடுத்தது. அந்தப் பருவத்தில் ஸ்ட்ரவுட் 4,108 யார்டு, 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் என்று ஆடி ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் ஆனார். கரோலினா 17 ஆட்டத்தில் 2 வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு 262-ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி அதே தேர்வில் நல்ல புள்ளி பெற்றவர் என்பதும் பேசப்பட்டது. அது தேர்வின் பக்கம் பேசும் சாட்சி. ஒன்றோ இரண்டோ பெயரை வைத்து எஸ்2-ஐத் தூக்கி எறியவும் வேண்டாம், தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம்.

இதெல்லாம் கோலாலம்பூரில் இருப்பவருக்கு எதற்கு என்றால், இதே ரகத் தாள் இங்கே வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு இயங்கலையில் வருகிறது. அலுவலக வேலைகளில் அறிவுத்திறன் தேர்வுக்கு உண்மையிலேயே வலு உண்டு. ஆய்வாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-இல் தேர்வுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள கெழுவை 0.51 என்றார்கள். பால் சாக்கெட் குழு 2022-இல், வீச்சுச் சுருக்கத்துக்கான திருத்தம் முன்பு மிகையாகப் போடப்பட்டது என்று காட்டி 0.31-க்கு இறக்கியது. இறங்கினாலும் நேர்காணலில் முகம் பார்த்து எடுப்பதைவிட மோசமில்லை.

எழுதும் பிள்ளைகளுக்கு: தவறுக்குப் புள்ளி கழிக்கிறார்களா என்பதை முதல் பக்கத்திலேயே பாருங்கள். கழிக்காவிட்டால் கடைசி 20 விநாடியில் மிச்சமுள்ள எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒன்றைக் குறித்துவிடுங்கள். 15 விநாடி தாண்டினால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். கடிகாரம் வைத்து நாலைந்து முழுத்தாள் போட்டால் வேகம் கூடும்; முதல்முறை எழுதுபவர்கள் இழப்பது பெரும்பாலும் வேகத்தில்தான்.

ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கை நினைவூட்ட வேண்டும். வட கரோலினாவின் டியூக் பவர் நிறுவனம் வேலை உயர்வுக்குப் பயன்படுத்திய தாள்களில் ஒன்று இதே வொண்டர்லிக். அந்த வேலையோடு தொடர்பு இருப்பதாகக் காட்ட முடியாமல், 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நிறுவனம் தோற்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு மலாய் வழி என்று படித்து வந்த பெண்ணுக்கு ஆங்கில எதிர்ச்சொல் கேள்வியை 14 விநாடியில் கொடுத்தால், அளக்கப்படுவது அவள் ஆங்கிலத்தின் வேகம். வேலைக்கு அந்த வேகம் தேவை என்றால் சரி. கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கும் வேலைக்கு மலாய்த் தாளும் கொடுங்கள். எடுத்த 30 பேரின் புள்ளியை ஓராண்டு கழித்து அவர்கள் வேலைப் பதிவோடு ஒட்டிப் பாருங்கள். 30 பேரில் கெழு 0.36-ஐத் தாண்டாவிட்டால் (அது தற்செயலாகவும் வரலாம்), அந்த எண்ணை வைத்து அடுத்த ஆண்டு யாரையும் கழித்துக்கட்டாதீர்கள்.